ஜன்னல் அறையில் மங்கிய வீடியோ

காலை 9.05.

போனில் தெரிந்த கை அவளுடையதாகவே இல்லை. ஐந்து விரல் இருக்க வேண்டிய இடத்தில் பாலைக் கொட்டிவிட்டது போல வெண்மையாக ஏதோ அசைந்தது. நேற்று மாலை இதே போன், இதே ஜன்னல், இதே கை. அப்போது நகக்கண்ணில் ஒட்டியிருந்த மெழுகுத் துணுக்குகூடத் துல்லியமாகத் தெரிந்தது. அவள் கண்ணாடி துடைக்கும் துணியால் லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்துப் பார்த்தாள். மறுபடியும் பால்தான்.

அந்தத் தெருவில் அவளைப் பல்லழகி என்று கூப்பிடுவார்கள். அவளுடைய சொந்தப் பற்கள் சுமார்தான். அவள் செய்து கொடுக்கும் பல் செட்டுகளுக்காக வந்த பெயர் அது. வெளியூர்ப் பல் மருத்துவமனை ஒன்று தன் பல் செட் வேலைகளை யாரிடம் ஒப்படைப்பது என்று இன்று முடிவு செய்கிறது. கைவேலையைக் கிட்டத்தில் காட்டும் வீடியோ ஒன்றை, வெட்டாமல் ஒட்டாமல் ஒரே மூச்சில் எடுத்து, பகல் ஒரு மணிக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார் அங்கே இருந்த டாக்டரம்மா. வேலை கிடைத்தால் வீட்டிலேயே சொந்தப் பட்டறை. கிடைக்காவிட்டால் பழைய பங்குதாரரிடமே போய்ச் சம்பளத்துக்கு உட்கார வேண்டும், ஜன்னல் அறையை மாமனாரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதை அவளே வீட்டார் முன்னால் சொல்லியிருந்தாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் அவளுக்கு நிகர் அவள்தான்.

ஜன்னல் அறை மாமனாருடையது. வீட்டில் நல்ல வெளிச்சம் வருவது அந்த ஓர் அறையில்தான். பழைய போனுக்கு வெளிச்சம்தான் சோறு என்பதை அவள் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். டியூப் லைட்டில் எடுத்தால் படத்தில் கறுப்புக் கோடுகள் ஓடின. அதனால் விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு எதிரே வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டினாள். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, பற்களின் மறுபக்கத்து நிழலையும் போக்கியது. ஜூமைத் தொடாமல் போனையே கிட்டக் கொண்டுபோனாள். மரக்கட்டையில் ஒரு ஸ்டாண்ட் செய்து அசையாமல் நிறுத்தினாள். திரையை அழுத்திப் பிடித்து போகஸ் ஓடிப்போகாமல் பூட்டினாள். வேண்டாத படங்களை எல்லாம் அழித்து இடம் பண்ணினாள். போன மாதம் பேட்டரியையும் மாற்றினாள். மாற்றிக் கொடுத்தவர், ஒருமுறை பிரித்து மூடியது பழையபடி இறுக்கமாக இருக்காது, ஈரத்தில் காட்ட வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தார்.

இத்தனைக்கும் விலையாக மாமனார் பின்கட்டுக்குக் குடிபெயர்ந்தார். அன்றிலிருந்து மருமகளோடு பேச்சு இல்லை. பேச வேண்டியது இருந்தால் சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வார். "இன்னிக்குக் குழம்புல உப்பு இல்ல" என்று கடிகாரத்திடம் புகார் சொன்ன மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும். அந்த அறை வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்றும் சபதம் செய்திருந்தார்.

பல்லழகி முன்கூடத்தில் வேலையாக இருந்த மெருகைக் கூப்பிட்டாள். மெருகு என்பவர் பல் செட்டுகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் நடுவயதுக்காரர். பழைய பங்குதாரரிடம் பார்த்த நிரந்தர வேலையை விட்டுவிட்டு அவளை நம்பி வந்தவர். அவர் ஒரு துடை துடைத்தார். பிறகு ஊதித் துடைத்தார். பலனில்லை. சரி, அதற்குள் மெழுகுப் பெட்டியையாவது எடுத்து வரலாம் என்று சமையலறைக்குப் போனார்.

திரும்பி வந்தபோது அவர் முகம் செத்திருந்தது.

வீடியோவில் காட்ட வேண்டிய பல் வரிசை அந்தப் பெட்டியில்தான் இருந்தது. மெழுகில் பற்களைப் பதித்தாயிற்று, ஈறு செதுக்க வேண்டியதுதான் பாக்கி. சூடு பட்டால் மெழுகு கோணிவிடும் என்பதால் இரவெல்லாம் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டியது. அவர் அதைக் கண்டெடுத்தது அடுப்புக்குப் பக்கத்து மேடையில். கீழ்வரிசையின் முன்பற்கள் நான்கும் தூங்கி விழுபவர்கள் போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன.

பல்லழகி அழுதுவிட்டாள். போனும் போயிற்று, மெழுகும் போயிற்று. பட்ட காலிலே படும் என்பது சரிதான். ஆனால் ஒரே காலையில் இரண்டும் என்றால் அது தற்செயல் இல்லை, யாரோ வேண்டுமென்றே செய்த வேலை என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது.

காலை 9.30.

அக்கா வந்தாள். அக்கா குற்றப் பிரிவு இன்ஸ்பெக்டர். இன்று ஓய்வு நாள். தங்கை வீடியோ எடுப்பதை வேடிக்கை பார்க்கலாம் என்று வந்தவள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தங்கையின் முகத்தைப் படித்துவிட்டாள். நடந்ததைக் கேட்டாள். அழுதுகொண்டே சொன்னதை எல்லாம் ஒதுக்கிவிட்டு, அழாமல் மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.

பல்லழகி சொன்னாள். நேற்று மாலை ஒத்திகையின்போது ஆறாவது நிமிடத்தில் போன் சூடேறித் தானாகவே நின்றுவிட்டது. அந்த ஆற்றாமையைச் சமையலறையில் மெருகிடம் கொட்டினாள். கேட்க வேறு யாரும் இல்லை, பேப்பருக்குப் பின்னால் மாமனார் இருந்தார், அவ்வளவுதான். இரவில் மெழுகுப் பெட்டியை அவளே ஃப்ரிட்ஜில் வைத்தாள். போனைச் சமையலறை அலமாரியில் சார்ஜில் போட்டாள். காலையில் பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தபோது பெட்டி உள்ளேதான் இருந்தது. அதன்பிறகு குளியல், ஜன்னல் அறையைப் பெருக்கித் துடைப்பது, விரிப்பைக் கட்டுவது என்று எட்டரை வரை சமையலறைப் பக்கமே வரவில்லை. எட்டரைக்கு வந்து போனை எடுத்தாள்.

"எடுத்தப்ப எப்படி இருந்துது?"

"நல்லா சில்லுனு இருந்துது. நேத்து சூடாகிப் படுத்துச்சே, இன்னிக்காவது நல்ல புத்தி வந்துருக்குன்னு நினைச்சேன்."

"சார்ஜ்?"

"அதான் தெரியல. ராத்திரி பூரா போட்டிருந்தேன், இருந்தும் நூறு இல்ல."

அக்கா போனை வாங்கித் தன் கையை ஒரு நிமிடம் படமெடுத்தாள். மங்கலாக இருந்தது, ஆனால் தங்கை எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் கொஞ்சம் தேவலை. அது பால் என்றால் இது தண்ணீர் கலந்த பால். அக்கா லென்ஸை விரலால் தடவினாள். விரல் காய்ந்தே இருந்தது. ஸ்டாண்ட் கட்டையில் போன் இருந்த இடத்தில் மட்டும் ஓர் ஈரத்தடம். அவள் போனை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, இனி யாரும் இதைத் துடைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டாள்.

பிறகு சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். கல்யாணமான புதிதில் வாங்கிய சிறிய ஃப்ரிட்ஜ், எள் விழ இடமில்லாமல் நிறைந்திருந்தது. நடுத்தட்டில் ஒரு கிண்ணத் தண்ணீருக்குள்ளிருந்து மாமனாரின் பல் செட் அவளைப் பார்த்து இளித்தது. சாப்பாட்டு நேரம் தவிர அவர் அதை வாயில் வைப்பதில்லை. சில்லென்று இருந்தால் ஈறுக்கு இதமாக இருக்கிறதாம். அதற்குப் பக்கத்தில் பெட்டி அளவுக்கு ஓர் இடம் காலியாக இருந்தது.

அடுப்பு மேடையில் பெட்டி இருந்த இடத்தையும் பார்த்தாள். மெருகு அதை எப்படிக் கண்டாரோ அப்படியே காட்டச் சொன்னாள். மூடி இறுக்கி மூடியிருந்தது. மேடையில் கொட்டியிருந்த தண்ணீர் படாமல் அடியில் ஒரு துணி மடித்துப் போட்டிருந்தது. பக்கத்தில் குளிக்க வெந்நீர் வைத்த அடுப்பு. அலமாரியும் அதற்கு நேர் மேலேதான்.

காலை 9.50. விசாரணை.

காலையில் வீட்டுக்குள் வந்து போனவர் ஒருவரே. பழைய பங்குதாரர். பல் அச்சு எடுக்கும் மாவு தீர்ந்துவிட்டது, கொஞ்சம் கடனாக வேண்டும் என்று எட்டு மணிக்கு வந்தார். மெருகுதான் எடுத்துக் கொடுத்தார். சமையலறைக்குப் போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். பல்லழகி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேறு யார், அவரேதான் என்றாள். அவள் தோற்றால் அவருக்குத்தானே லாபம்.

அக்கா மெருகிடம் திரும்பினாள்.

"நீங்க எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"எட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"ஃப்ரிட்ஜைத் தொட்டீங்களா?"

"இல்ல."

"ஏதோ அவசரம், ஃப்ரிட்ஜுல இடம் இல்ல. எதை வெளியே எடுத்து வைப்பீங்க?"

மெருகு யோசிக்கவே இல்லை. "எதை வேணும்னாலும் எடுப்பேன். மெழுகை மட்டும் தொட மாட்டேன். பெத்த புள்ளைய வெயில்ல நிறுத்துவாங்களா?"

அடுத்து பல்லழகியின் வீட்டுக்காரர். அச்சகத்தில் இரவு வேலை முடித்து விடிகாலையில் வந்து படுத்தவரை எழுப்பிக் கூட்டி வந்தார்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். மனைவியின் அக்கா கணக்கில் தானும் சந்தேக ஆசாமி என்பது அவருக்கு விளங்கவே சற்று நேரமானது. அவரிடமும் அதே கேள்வி.

"இதென்ன கேள்வி. அப்பாவோட பல்லைத்தான் முதல்ல எடுப்பேன். அதைப் பாத்துட்டுச் சாப்பாடு இறங்குதா எனக்கு? தினம் தட்டை வச்சு மறைச்சுட்டுதான் தண்ணியே எடுக்கறேன்."

மாமனாரைக் கேட்க அக்கா பின்கட்டுக்குப் போனாள். அவர் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். ஜன்னல் அறைக்குப் போனீர்களா என்றதற்கு, சபதம் சபதம்தான் என்று சுருக்கமாகப் பதில் வந்தது. அது உண்மைதான் என்று மெருகும் சாட்சி சொன்னார். அக்கா மேலே ஒன்றும் கேட்கவில்லை. பேப்பர் தலைகீழாக இருந்ததை மட்டும் கவனித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஜன்னல் விளிம்பிலிருந்த போனை எடுத்து இன்னொரு முறை படம் பிடித்தாள். இப்போது ரேகைகள் தெரிந்தன. ஓரத்தில் மட்டும் மெல்லிய திரை. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குற்றவாளி கண் முன்னாலேயே தப்பித்துப் போய்க்கொண்டிருந்தான்.

காலை 10.20.

எல்லோரையும் சமையலறைக்கு வரச் சொன்னாள். மாமனாரும் வந்தார், வந்து கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்தார்.

போனைக் கெடுத்தது அழுக்கும் இல்லை, கீறலும் இல்லை என்று தொடங்கினாள் அக்கா. அழுக்காக இருந்தால் துடைத்ததும் போயிருக்கும். கீறலாக இருந்தால் துடைக்காமல் சும்மா வைத்ததற்குத் தானாகக் குறையாது. துடைத்தும் போகாமல், துடைக்காமலே போவது ஒன்றுதான் உண்டு. லென்ஸுக்கு உள்பக்கம் படிந்த ஈரம்.

"ஃப்ரிட்ஜுலேர்ந்து தண்ணி பாட்டிலை எடுத்து வெளியே வச்சா வேர்த்துக்கும்ல, அதேதான். இந்தப் போன் காலைல ஃப்ரிட்ஜுக்குள்ள இருந்துருக்கு. அதனாலதான் சில்லுனு இருந்துது. சார்ஜ்லேர்ந்து பிடுங்கி வச்சதால நூறும் குறைஞ்சுருக்கு. அப்புறம் எடுத்து வெந்நீர் அடுப்புக்கு மேல அலமாரில பழையபடி மாட்டிட்டாங்க. வெந்நீர் ஆவி பூரா, பிரிச்சு மூடின போனுக்குள்ள போய் லென்ஸ்ல படிஞ்சுருக்கு."

"அப்ப மெழுகு?" என்றாள் பல்லழகி.

"அது தனிக் குற்றம் இல்லடி. போனை வைக்க இடம் வேணும்னு பெட்டியை வெளியே எடுத்தாங்க. திரும்ப வைக்க மறந்துட்டாங்க."

பழைய பங்குதாரரை அவள் ஒரே வாக்கியத்தில் விடுதலை செய்தாள்: ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் போன் இப்படிக் குளிராது. மேலும், கெடுக்க வந்தவன் மூடியை இறுக்கி மூடி, நனையாமல் அடியில் துணி போட்டு வைக்கமாட்டான். அப்படி வைத்தது அந்தப் பொருள் பத்திரமாக இருக்க வேண்டும் என்று நினைத்த ஒருவர், ஆனால் மெழுகைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர். அதனால் மெருகும் இல்லை.

"மிச்சம் வீட்டுக்குள்ள ரெண்டு பேர். நடுத்தட்டுல மெழுகுப் பெட்டியும் பல் கிண்ணமும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. ஒண்ணை எடுக்கணும். இந்த வீட்டுல யாரா இருந்தாலும் முதல்ல அந்தக் கிண்ணத்தைத்தான் எடுப்பாங்க. உங்க புள்ளையே அதைத்தான் சொன்னார். அதைத் தொடாம, பக்கத்துல இருந்ததை எடுக்க ஒருத்தராலதான் முடியும். அந்தப் பல்லுக்குச் சொந்தக்காரர்." அக்கா திரும்பினாள். "மாமா, போனை ஃப்ரிட்ஜுல வச்சது நீங்கதான்."

பல்லழகிக்கு முகம் சிவந்தது. அறை திரும்பி வர வேண்டும் என்றால் நேராகக் கேட்டிருக்கலாமே, இப்படியா செய்வது என்று அவள் பொங்கினாள். அக்கா கையை நீட்டித் தடுத்தாள். கெடுக்க நினைத்தவர் போனைத் திரும்பவும் ஒழுங்காகச் சார்ஜில் மாட்டிவிட்டுப் போவாரா, கொஞ்சம் யோசி என்றாள்.

மாமனார் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர் அவர்.

"வண்டி சூடேறினா நிறுத்தி ஆற விடணும்" என்றார் கடிகாரத்திடம். "ஆற விடாம ஓட்டினா பாதி வழியில நின்னுடும். நேத்து அந்தப் போனு நின்னுபோச்சுன்னு அந்தப் பொண்ணு அழுதது என் காதுல விழுந்துது. கிளம்பறதுக்கு முன்னாடி நல்லா குளிர வச்சுக் கொடுத்தா முழுசா ஓடும்னு நினைச்சேன். அது வேர்க்கும்னு எனக்கென்ன தெரியும்." கொஞ்சம் நிறுத்தினார். "பெரிசா அறையை விட்டுக் கொடுத்தவன் நான். மங்கலா படம் எடுக்கறதுக்கா கொடுத்தேன்?"

சற்று முன் பொங்கிய பல்லழகிக்கு இப்போது வெட்கமாக இருந்தது. ஒரு மாதமாக அவர் வன்மத்தில் இருக்கிறார் என்றே நினைத்திருந்தாள். அவர் தன்னைக் காட்டிலும் கவலைப்பட்டுக்கொண்டு பின்கட்டில் படுத்திருந்திருக்கிறார்.

காலை 10.45.

வழக்கு முடிந்தது, வேலை முடியவில்லை. போனை அடுப்புக்கும் ஃப்ரிட்ஜுக்கும் எட்டாமல், உறையைக் கழற்றி, ஜன்னல் காற்றில் காய வைத்தார்கள். மெழுகுப் பெட்டி ஃப்ரிட்ஜுக்குத் திரும்பியது. அது இறுகியதும் சாய்ந்த பற்களை நிமிர்த்தி, பிறகு ஈறு செதுக்கி, அதைப் படமெடுத்து அனுப்பக் கணக்குப் போட்டுப் பார்த்தால் நேரம் பற்றாது. மெருகு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பல்லழகி சாய்ந்த பற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ஈறு செதுக்குவதை விட்டுவிடலாம், இந்த நாலு பல்லை நிமிர்த்துவதையே வீடியோவாக எடுக்கலாம் என்றாள். கெட்டதைச் சரி செய்வதும் கைவேலைதானே. மெருகு அவளை ஒரு மாதிரி பார்த்தார். பழுதான சரக்கை யாராவது கடை வாசலில் தொங்கவிடுவார்களா என்றார். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள் என்றாள் அவள். மெருகு எழுந்து கத்தியை எடுத்து வைத்தார்.

பகல் பன்னிரண்டு மணிக்கு லென்ஸ் கண்ணாடி மாதிரி ஆனது. ஆனால் வெயில் மேலேறி, ஜன்னல் வெளிச்சம் இடம் மாறியிருந்தது. கட்டிவைத்த விரிப்பு இருக்கும் இடத்தில் வெளிச்சமே படவில்லை. அதை அவிழ்த்து, வெளிச்சம் நகர நகர யாராவது கையிலேயே பிடித்து நிற்க வேண்டும். அக்கா ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனைக்கு வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் மறுபடி தூங்கிப் போயிருந்தார்.

அப்போது மாமனார் வாசலில் வந்து நின்றார். சபதத்தையும் தாண்டினார், வாசலையும் தாண்டினார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். பல்லழகி போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, போகஸைப் பூட்டி, பொத்தானை அழுத்தினாள்.

முதல் பல் நிமிர்ந்தது. சூடு காட்டிய கத்தி முனையால் மெழுகைத் தொட்டு, இரண்டாவதை நிமிர்த்தினாள். மூன்றாவதும் வந்தது. நாலாவதில் அவள் அவசரப்பட்டாள். நேற்று போன் நின்றது இதே ஆறாவது நிமிடத்தில்தான் என்ற நினைப்பு வந்து தொலைத்தது. கத்தி முனை பல்லை விட்டு விலகியது.

"அவசரம் வேண்டாம்மா" என்றது விரிப்புக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "மெதுவா திருப்பு. நேரம் இருக்கு."

ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தைகள். அவளுக்குக் கண் கலங்கியது, ஆனால் கை நிதானத்துக்கு வந்தது. நாலாவது பல் மற்ற மூன்றோடு சேர்ந்து நேராக நின்றது. போனும் கடைசி வரை நிற்கவில்லை.

குரல் வீடியோவில் பதிந்துவிட்டது. வெட்டக் கூடாது என்பது விதி, மறுபடி எடுக்க நேரமும் இல்லை. அப்படியே அனுப்பினாள். ஒரு மணிக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது.

மாலையில் டாக்டரம்மாவே கூப்பிட்டார். வேலை அவளுக்குத்தான். எல்லோரும் குறையே இல்லாத பற்களை அனுப்பியிருந்தார்கள், சாய்ந்ததை நிமிர்த்திக் காட்டியது அவள் ஒருத்திதான், அவர்களுக்குத் தினமும் வருவது அந்த மாதிரி வேலைதான் என்றார். மெருகு நாற்காலியிலிருந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். டாக்டரம்மா இன்னொன்றும் கேட்டார். வீடியோவில் யாரோ ஒரு பெரியவர் குரல் கேட்டதே, அவர் யார்?

"எங்க மாமா, டாக்டர்" என்றாள் பல்லழகி. "அந்த அறை அவரோடது."

மாமனார் பக்கத்தில்தான் நின்றிருந்தார். போனில் கேட்கும்படி சத்தமாகவே சொன்னார்.

"என்னோடது இல்லம்மா. நம்ம பட்டறைன்னு சொல்லு."